காவற்கட்டிலிலிருந்து காமிரா வரை



ஈப்போவை ஒட்டிய புந்தோங்கின் கடைத்தெருவில் நடந்து செல்பவர்கள் சற்றே தலையை நிமிர்த்திப் பார்த்தால், கடையின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில் உருண்டையாகவோ நீளமாகவோ ஒரு கருவி பொருத்தப்பட்டிருப்பதைக் காணலாம். அதுதான் கண்காணிப்புக் காமிரா. மளிகைக் கடை, நகைக் கடை, பூக்கடை, கச்சாங் பூத்தே வறுக்கும் இடம் என்று எல்லா இடத்திலும் அது வந்துவிட்டது. பால்மரம் சீவிய பெற்றோரின் பிள்ளைகள் இன்று அந்தக் கடைகளில் சிலவற்றை நடத்துகிறார்கள். வேறு சிலர் அங்கே கூலிக்கு வேலை செய்கிறார்கள். இன்னும் சிலர் பாதுகாவலர் சீருடை அணிந்து வாசலில் நிற்கிறார்கள். ஆகவே காமிராவை வைப்பவரும் நம்மவர். அதன் முன் நின்று வேலை செய்பவரும் நம்மவர்.

கடைக்கு ஒரு காமிரா வேண்டுமென்றால் பலரும் முதலில் கேட்பது, "எத்தனை வெள்ளி?" என்பதுதான். அந்தக் கேள்வி கடைசியில் வரவேண்டியது என்பதே இன்றைய உரையின் கருத்து. எதைக் காக்கிறோம், யார் பார்க்கிறார்கள், பார்த்தபின் யார் ஓடி வருவார்கள் என்ற மூன்று கேள்விகள் அதற்கு முன்னே வரவேண்டும். இவை புதிய கேள்விகள் அல்ல. பேராக் மாநிலத்தில் நூற்றைம்பது ஆண்டுகளாகப் பொருளுக்குக் காவல் வைத்தவர்கள் எல்லாரும் இவற்றுக்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் நம் கடைக்கு என்ன தேவை என்பதும் தெளிவாகும்.

முதலில் ஈயத்தின் காலத்துக்குச் செல்வோம். பேராக்கின் லாருட் பகுதியில் ஈயச் சுரங்கங்களை முன்னிட்டு கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு சீனக் குழுக்கள் மோதிக்கொண்டன. 1873ஆம் ஆண்டில், பினாங்கில் போலீஸ் அதிகாரியாக இருந்த கேப்டன் ஸ்பீடி என்பவர் அந்த வேலையை விட்டுவிட்டு, லாருட்டின் மந்திரியிடம் சேர்ந்தார். அவர் இந்தியாவுக்குச் சென்று சீக்கியரும் பட்டாணியருமாக நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்களைத் திரட்டி வந்தார். 1874 ஜனவரி 20ஆம் நாள் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் பின் இந்த ஆட்கள் பேராக்கின் ஆயுதப் போலீசாக ஆனார்கள். 1884இல் அந்தப் படை முதலாவது பேராக் சீக்கியர் படை என்று பெயர் பெற்றது; 1896இல் மலாய் மாநிலங்களின் படையாக விரிந்தது; 1919இல் கலைக்கப்பட்டது.

படையில் இருந்தவர்களைப் பின்பற்றி அவர்களுடைய ஊர்க்காரர்களும் உறவினர்களும் இந்த நாட்டுக்கு வந்தார்கள். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறி வந்ததால் இங்குள்ளவர்கள் அவர்களை வங்காளி என்று அழைத்தார்கள். உண்மையில் அவர்கள் பஞ்சாபியர். ஈயச் சுரங்கங்களிலும் வங்கிகளிலும் கிடங்குகளிலும் அவர்கள் காவல்காரரானார்கள். மலாய்மொழியில் காவலுக்கு 'ஜாகா' என்பது சொல். காவல்காரருக்கும் அதுவே பெயராகி, நம் தோட்டத் தமிழிலும் 'ஜாகா' என்றே நிலைத்துவிட்டது.

இரவில் கடை மூடியதும் ஜாகா தம் கயிற்றுக் கட்டிலைக் கதவுக்குக் குறுக்கே போட்டுக்கொள்வார். கையில் ஒரு தடி; பக்கத்தில் ஒரு விளக்கு. கட்டிலைத் தாண்டாமல் கதவைத் திறக்க முடியாது. இதில் ஒரு திட்டம் இருப்பதைக் கவனியுங்கள். ஜாகா தெரு முழுவதையும் காக்க முயலவில்லை. திருடன் கட்டாயம் கடக்க வேண்டிய ஓர் இடத்தைத் தேர்ந்து, அந்த இடத்தில் படுத்தார். எதைக் காப்பது என்ற முதல் கேள்விக்கு அது நல்ல விடை. பார்ப்பவரும் அவரே, ஓடி வருபவரும் அவரே. ஆகவே மூன்று கேள்விகளுக்கும் ஓர் ஆளே விடையாக இருந்தார்.

ஆனால் அந்த ஆள் தூங்கிவிட்டால் என்ன செய்வது? இந்தக் கவலை உலகமெங்கும் இருந்தது. 1855ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யோஹான்னஸ் பூர்க் என்பவர் காவல்காரருக்கென்று ஒரு கடிகாரத்தை உருவாக்கினார். தொழிற்சாலையின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சாவி சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். காவல்காரர் சுற்றி வரும்போது அந்தச் சாவியைத் தம் கடிகாரத்தில் நுழைத்துத் திருப்ப வேண்டும். உள்ளே இருக்கும் காகிதத்தில் நேரம் பதியும். விடிந்ததும் முதலாளி அதைத் திறந்து பார்த்தால், எந்த நேரத்தில் எந்த மூலைக்கு அவர் சென்றார் என்பது தெரிந்துவிடும். இன்று நம் பாதுகாவலர்கள் சுவரில் உள்ள வில்லையைக் கருவியால் தொட்டுப் பதிவு செய்கிறார்களே, அது இந்தப் பழைய கடிகாரத்தின் பேரப்பிள்ளைதான். பொருளைக் காப்பவரையும் ஒரு கருவி பார்க்கத் தொடங்கியது என்பது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது.

இனித் தோட்டத்துக்கு வருவோம். ரப்பர்த் தோட்டத்தில் களவு போகக்கூடியது தங்கமல்ல. பால், ஷீட்டு, ஒட்டுப்பால். ஒட்டுப்பால் கோப்பையிலும் பட்டையிலும் ஒட்டிக்கொண்டிருப்பது. யாரும் சாக்கில் போட்டுக்கொண்டு போய்விடலாம். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு வேலி போட்டு மாளாது. அதற்காகத் தோட்ட நிர்வாகம் கண்டுபிடித்த காவல் எது? நிறுவையும் கணக்குப் புத்தகமும்தான். காலையில் பெரட்டு, அங்கே பெயர் கூப்பிடுவார்கள். பால் கொட்டகையில் ஒவ்வொருவருடைய பாலையும் கிராணி நிறுத்து எழுதுவார். ஸ்டோரில் எத்தனை ஷீட்டு வந்தது, எத்தனை வெளியே சென்றது என்று இன்னொரு புத்தகம் இருக்கும். கணக்கில் குறைந்தால் எந்த நிரையில் குறைந்தது என்று தேடத் தொடங்கலாம். எழுத்தும் காவலாகும் என்பதை நம் முன்னோர் அங்கே கண்டார்கள். அதே நேரத்தில், நிறுவையைப் பிடித்தவர் ஒருவர், நிறுவைக்கு முன் நின்றவர் இன்னொருவர் என்பதையும் அவர்கள் கண்டார்கள். தராசின் முள்ளைப் பார்க்க முடியாத இடத்தில் நின்ற தொழிலாளிக்கு அந்தக் கணக்கின்மேல் நம்பிக்கை வரவில்லை.

அடுத்து வந்தது அவசரகாலம். 1948 ஜூன் 16ஆம் நாள், ஈப்போவுக்கு வடக்கே உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில் தோட்டத்திலும், பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றே பேராக்கின் சில பகுதிகளிலும் ஜொகூரிலும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் அது மலாயா முழுவதற்கும் விரிந்தது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்கப் பல்லாயிரம் சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டார்கள். துரையின் பங்களாவைச் சுற்றிலும் முள்வேலியும் மணல்மூட்டையும் விளக்கும் வந்தன.

1950இல் ஜெனரல் பிரிக்ஸ் என்பவரின் திட்டம் செயலுக்கு வந்தது. காட்டோரங்களில் சிதறி வாழ்ந்த சுமார் ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், புதுக்கிராமங்களுக்கு மாற்றப்பட்டார்கள். ஈப்போவைச் சுற்றியுள்ள பாசிர் பிஞ்சி, பெர்ச்சாம், குனோங் ராப்பாட் ஆகியவை அப்படி உருவானவை. தோட்டங்களிலும் தனித்தனியே இருந்த லயங்களிலிருந்து மக்களை ஒரே இடத்தில் திரட்டி, சுற்றிலும் முள்வேலி போட்டார்கள். இரவில் ஊரடங்கு, காலையில் வாசலில் சோதனை. காட்டில் இருப்பவர்களுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்பதற்காக, மரம் சீவப் போகிறவர்களின் வாளியையும் மடியையும் சோதித்துப் பார்த்தே வெளியே விட்டார்கள். பெண்களும் இதற்குத் தப்பவில்லை. 1960 ஜூலை 31ஆம் நாள்தான் அவசரகாலம் முடிவுக்கு வந்தது. அந்த வேலி, வெளியே இருப்பவனைத் தடுக்க வந்ததா, உள்ளே இருப்பவரைக் கண்காணிக்க வந்ததா என்று கேட்டால், இரண்டும் என்றுதான் விடை சொல்ல வேண்டும்.

இந்த அனுபவத்திலிருந்து நமக்கு நான்காவது கேள்வி ஒன்று கிடைக்கிறது. காவலுக்கு உள்ளாகிறவருக்கு, அது எதற்காக என்று சொல்லப்பட்டதா? முதல் மூன்று கேள்விகள் பொருளைப் பற்றியவை; நான்காவது மனிதரைப் பற்றியது. இந்த நான்கையும் கையில் வைத்துக்கொண்டு, காமிரா பிறந்த கதையைப் பார்ப்போம்.

காமிராவால் தூரத்திலிருந்து ஓர் இடத்தைப் பார்க்கும் முறை, கடைக்காகத் தோன்றியதல்ல. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், ஜெர்மனியின் பால்டிக் கடற்கரையில் பேனமுண்டே என்ற இடத்தில் வி-2 என்னும் ராக்கெட்டைச் சோதித்தார்கள். அது புறப்படும்போது பக்கத்தில் நின்றால் உயிர் தப்பாது. வால்டர் புரூக் என்ற பொறியாளர் அங்கே தொலைக்காட்சிக் காமிராக்களை அமைத்துக் கொடுத்தார். அறிவியலாளர்கள் தூரத்தில் பத்திரமாக இருந்தபடி திரையில் ராக்கெட் எழும்புவதைப் பார்த்தார்கள். வானொலி நிலையத்தைப்போல் எல்லாருக்கும் பரப்பாமல், குறிப்பிட்ட திரைக்கு மட்டும் கம்பிவழிப் படம் செல்வதால் இதனை மூடிய சுற்றுத் தொலைக்காட்சி என்றார்கள். மனிதர் நிற்க முடியாத இடத்தில் ஒரு கண்ணை நிறுத்துவது என்பதே அதன் முதல் வேலையாக இருந்தது. அந்தப் படம் எங்கும் பதிவாகவில்லை. பார்த்தவர் பார்த்ததோடு சரி.

அந்தக் கண்ணை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தவர் ஒரு தாதி. நியூயார்க் நகரின் குயின்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினப் பெண்மணி அவர். வேலை நேரம் ஒழுங்கில்லாததால் பல இரவுகளில் அவர் வீட்டில் தனியாக இருக்க நேர்ந்தது. அவருடைய வட்டாரத்தில் போலீசை அழைத்தால் வந்து சேர நேரமாகும். ஆகவே, மின்னியல் வேலை தெரிந்த தம் கணவர் ஆல்பர்ட் பிரவுனுடன் சேர்ந்து ஒரு கருவி அமைப்பை வரைந்தார். கதவில் வெவ்வேறு உயரத்தில் துளைகள். அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் ஒரு காமிரா. படுக்கையறையில் ஒரு திரை. வாசலில் நிற்பவருடன் பேச ஒலிவாங்கி. ஆபத்தென்றால் அழுத்த ஒரு பொத்தான். நண்பரென்றால் தூரத்திலிருந்தே தாழைத் திறக்க இன்னொரு பொத்தான். 1966இல் அவர்கள் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 1969 டிசம்பர் 2ஆம் நாள் அது கிடைத்தது. நேயர்களே, இந்தத் திட்டத்தில் நம்முடைய கேள்விகளுக்கெல்லாம் விடை இருக்கிறது. காக்க வேண்டியது கதவு. பார்ப்பவர் வீட்டுக்காரர். உதவிக்கு ஆள் வர ஒரு பொத்தான். வந்து நிற்பவருடன் பேசவும் வழியுண்டு. கருவி வாங்குவதற்கு முன்னரே திட்டம் அமைந்திருந்தது.

பதிவு செய்யும் வசதி தனியாக வளர்ந்தது. 1956இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் நாடாவில் படத்தைப் பதியும் பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது ஓர் அலமாரியளவு பெரியது. 1976இல் ஜப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ். நாடாவை வெளியிட்டது. நம் தோட்டத்து மக்கள் கலியாண வீடியோ பார்த்தது அந்த நாடாவில்தான். கடைகளும் அதையே காவலுக்குப் பயன்படுத்தின. ஆனால் ஒரே நாடாவில் திரும்பத் திரும்பப் பதிவு செய்ததால் படம் தேய்ந்து, திருடன் வந்த நாளில் மேகமூட்டமாகத் தெரிந்தது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகிய இருவரும் ஒளியை மின்சாரமாக மாற்றும் சில்லு ஒன்றுக்கு வழி கண்டார்கள்; அதற்கு 2009இல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த வழியில் காமிரா சிறுத்து, மலிந்து, உள்ளங்கையில் அடங்கியது. 1996இல் சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் கணினி வலையில் நேரடியாக இணையும் காமிராவை வெளியிட்டது. இன்று கடைக்காரர் தம் கைப்பேசியிலேயே கடையைப் பார்ப்பதற்கு அதுவே தொடக்கம்.

இவ்வளவு வசதியும் வந்தபின் திருட்டு நின்றுவிட்டதா? தமிழ்நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள். 2019 அக்டோபர் 2ஆம் நாள் அதிகாலையில், திருச்சியில் சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகிலுள்ள லலிதா ஜுவல்லரியில் பெருங்கொள்ளை நடந்தது. களவாடப்பட்டவற்றின் மதிப்பு சுமார் 13 கோடி ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. உள்ளே காமிராக்கள் வேலை செய்துகொண்டுதான் இருந்தன. வந்தவர்கள் கட்டிடத்தின் சுவரில் ஆள் நுழையுமளவு துளையிட்டு உள்ளே புகுந்தார்கள். முகத்தில் பொம்மை முகமூடி, கையில் உறை, மோப்ப நாயை ஏமாற்ற மிளகாய்ப் பொடி. காமிரா அவர்களை ஒழுங்காகப் படம் பிடித்தது. அந்தப் படம் உலகமெங்கும் பரவியது. ஆனால் முகம் தெரியவில்லை. படம் ஓடிய நேரத்தில் யாரும் தடுக்க வரவுமில்லை. மறுநாள் இரவு திருவாரூரில் வாகனங்களைச் சோதித்துக்கொண்டிருந்த போலீசார்தான், நகைகளுடன் சென்ற ஒருவரைப் பிடித்தார்கள். அங்கிருந்துதான் வழக்கு துலங்கியது.

இதனால் காமிரா பயனற்றது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எத்தனை பேர் வந்தார்கள், எப்போது வந்தார்கள், எந்த வழியாக வந்தார்கள் என்பதை அது சொன்னது. ஆனால் கதவையும் பெட்டியையும் பார்த்த கண்கள் சுவருக்கு அப்பால் பார்க்கவில்லை. பார்த்த கண்ணுக்கு ஓடிவரக் காலும் இல்லை. அந்தக் காலத்து ஜாகாவிடம் ஒன்றாக இருந்த பார்வையும் ஓட்டமும் இங்கே பிரிந்துவிட்டன. பிரிந்த இரண்டையும் மீண்டும் சேர்ப்பதே திட்டமிடுதல்.

சரி, இனிப் புந்தோங்கில் ஒரு கடையை மனத்தில் வைத்துக்கொள்வோம். புந்தோங் கச்சாங் பூத்தேக்குப் பெயர்போன ஊர். எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் வளர்த்த தொழில் அது. அப்படி ஒரு கடை என்றே கொள்வோம். முன்னால் ஐந்தடிப் பாதை, உள்ளே விற்பனை மேசையும் பணப்பெட்டியும், நடுவில் சரக்கு வைக்கும் இடம், பின்னால் சமையற்கட்டு, அதற்கும் பின்னால் சந்து. பழைய நகரங்களில் இந்தச் சந்து, இரவில் கழிவு வாளி எடுப்பவர்கள் வந்துபோக அமைந்தது. வாளி போய்விட்டது, சந்து இருக்கிறது, திருடனுக்கு அது வசதியாயிற்று.

முதல் வேலை, ஒரு காகிதத்தில் கடையின் படத்தை வரைவது. பிள்ளைகளின் கணக்குப் புத்தகத்திலிருந்து கட்டம் போட்ட தாள் ஒன்று போதும். கதவு, ஜன்னல், கூரைத் துளை, விளக்கு, பணப்பெட்டி எல்லாவற்றையும் குறியுங்கள். பிறகு ஒரு திருடனாக உங்களை நினைத்துக்கொண்டு, எந்த வழியாக வருவீர்கள், எந்த வழியாகப் போவீர்கள் என்று பென்சிலால் கோடு போடுங்கள். கோடுகள் சேரும் இடமே ஜாகாவின் கட்டில் போட வேண்டிய இடம். பெரும்பாலான கடைகளில் அவ்விடங்கள் நான்குக்குமேல் இருப்பதில்லை: முன்கதவு, பணப்பெட்டி, சரக்கறை வாசல், பின்கதவு.

இரண்டாவது வேலை, ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு தெளிவாகப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்வது. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இன்று பரவலாக விற்கும் காமிரா ஒன்றின் படத்தில் அகலவாட்டில் 1920 புள்ளிகள் இருக்கும். ஐரோப்பியத் தரவிதி ஒன்றின்படி, முன்பின் தெரியாத ஒருவரை இன்னார் என்று அடையாளம் காட்ட வேண்டுமானால் மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும். தெரிந்த ஆளைக் கண்டுகொள்ள 125 போதும். யாரோ ஓர் ஆள் இருக்கிறார் என்று அறிய மட்டும் 25 போதும். இப்போது வகுத்துப் பாருங்கள். 1920ஐ 250ஆல் வகுத்தால் 7.68. அதாவது ஏறக்குறைய ஏழரை மீட்டர் அகலத்துக்குள் காமிராவின் பார்வை அடங்கினால்தான் முகம் அடையாளம் தெரியும். 125ஆல் வகுத்தால் 15.36 மீட்டர், 25ஆல் வகுத்தால் 76.8 மீட்டர். இருபதடி அகலமுள்ள கடை சுமார் ஆறு மீட்டர். எனவே முன்கதவை மட்டும் பார்க்கும் காமிரா முகத்தைக் காட்டும். அதே காமிராவைத் தெரு முழுவதும் தெரியட்டும் என்று திருப்பி வைத்தால், ஆள் தெரிவார், முகம் தெரியாது. ஒரே கண்ணில் எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசைப்படுகிறவர்களுக்குக் கடைசியில் கிடைப்பது நிழலுருவம்தான்.

மூன்றாவது, ஒளி. நம் ஊரில் வெயில் கண்ணைப் பறிக்கும். கடைக்குள்ளிருந்து வாசலைப் பார்க்கும் காமிராவுக்கு, வெளியே வெளிச்சமும் உள்ளே இருட்டும் சேர்ந்து, நுழைபவர் முகத்தைக் கரியாக்கிவிடும். ஆகவே உள்ளே வாசலை நோக்கி ஒரு விளக்கு வேண்டும். அல்லது இத்தகைய ஒளியைச் சமாளிக்கும் காமிரா வேண்டும். உயரமும் முக்கியம். கூரையோடு ஒட்டி வைத்தால் தொப்பியும் உச்சந்தலையும்தான் பதியும். கை எட்டாத அளவுக்கு, ஆள் உயரத்துக்குச் சற்றே மேலே வைப்பது நல்லது. இரவில் சில காமிராக்கள் நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசும். அதைத் தேடிப் பூச்சி வரும். பூச்சியைத் தேடிச் சிலந்தி வரும். சிலந்தி வலை பின்னினால் காமிராவுக்கு வெள்ளைத் திரை விழும். வாரம் ஒரு முறை ஒரு துணியால் துடைப்பதும் திட்டத்தில் சேர்ந்ததே.

நான்காவது, மின்சாரமும் இடியும். பிற்பகல் மழையும் மின்னலும் கிந்தாப் பள்ளத்தாக்கில் புதிதல்ல. மின்னல் தாக்கத்திலிருந்து காக்கும் கருவியையும், மின்சாரம் நின்றால் சில மணி நேரம் தாங்கும் மின்கலத்தையும் சேர்த்தே விலை கேட்க வேண்டும். விளக்கை அணைத்துவிட்டு வருவது திருடனுக்குத் தெரிந்த முதல் பாடம். பதிவுப்பெட்டியைக் காமிராவுக்குக் கீழேயே வைக்கக் கூடாது. வந்தவன் அதையும் தூக்கிக்கொண்டு போய்விட்டால் சாட்சியும் போய்விடும். பூட்டிய வேறிடத்தில் வைக்க வேண்டும்.

ஐந்தாவது, எத்தனை நாள் படத்தைச் சேமிப்பது. இதுவும் ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஒரு காமிரா வினாடிக்கு 2 மெகாபிட் அளவு பதிகிறது என்று கொள்வோம். எட்டால் வகுத்தால் கால் மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். பெருக்கினால் 21,600 மெகாபைட், அதாவது 21.6 கிகாபைட். நான்கு காமிராவுக்கு 86.4, முப்பது நாளுக்கு 2,592 கிகாபைட். ஆக, சுமார் 3 டெராபைட் கொள்ளும் தட்டு வேண்டும். இந்தக் கணக்கைச் செய்யாமல் சிறிய தட்டு வாங்கினால், பத்தாம் நாள் படம் அழிந்துவிட்டிருக்கும். சரக்குக் குறைந்ததை நாம் மாதக் கடைசியில்தான் கண்டுபிடிப்போம்.

ஆறாவது, சாவி. காமிராவுக்கு ஏது சாவி என்பீர்கள். அதன் கடவுச்சொல்தான் சாவி. 2016ஆம் ஆண்டில் மிராய் என்ற கெட்ட நிரல் ஒன்று உலகமெங்கும் பரவியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமலேயே பொருத்தப்பட்ட காமிராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் அது தன் வசமாக்கிக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள் அந்தக் கருவிகளைக் கொண்டே அமெரிக்காவின் பெரிய இணையச் சேவைகள் பலவற்றை முடக்கினார்கள். காவலுக்கு வைத்த கருவியே களவுக்குத் துணைபோனது. ஆகவே பொருத்தும் நாளிலேயே கடவுச்சொல்லை மாற்றுங்கள். பொருத்த வந்தவர் போனபின் இன்னொரு முறை மாற்றுங்கள்.

ஏழாவது, ஓடி வருபவர் யார்? நள்ளிரவில் பின்கதவு அசைந்தால் யாருடைய கைப்பேசி ஒலிக்கும், அவர் எத்தனை நிமிடத்தில் வருவார், யாரை அழைப்பார் என்று எழுதி வைக்க வேண்டும். அண்டைக் கடைக்காரர் இருவர் மூவர் சேர்ந்து ஒரு பாதுகாவலரை அமர்த்தினால் செலவும் குறையும். நம் நாட்டில் பாதுகாவல் நிறுவனங்கள் 1971ஆம் ஆண்டின் தனியார் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்த்தே ஆளை அமர்த்துங்கள். காமிரா வந்துவிட்டதே, இனி ஆள் எதற்கு என்று காவல்காரரை நிறுத்துகிற முதலாளி, ஓடி வரும் காலை வெட்டிவிட்டுப் பார்க்கும் கண்ணை மட்டும் வைத்துக்கொள்கிறார். அந்தக் காவல்காரர் பெரும்பாலும் தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பத்து மனிதர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது நான்காவது கேள்விக்கு வருவோம். காமிராவின்கீழ் நாள் முழுவதும் நிற்பவர் திருடனல்ல. கடையில் வேலை செய்யும் தங்கையும் தம்பியும்தான். திருடன் வருவது ஓர் இரவு. அவர்கள் வருவது ஆண்டில் முந்நூறு பகல். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் 15ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. வாணிகத்தில் திரட்டப்படும் தனிநபர் தகவல்களை அது கட்டுப்படுத்துகிறது. ஆளை அடையாளம் காட்டும் படமும் அத்தகைய தகவலே. எதற்காகத் திரட்டுகிறோம் என்று தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத்தால் அறிவிக்க வேண்டும். தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கண்டவர் கையில் கிடைக்காமல் காக்க வேண்டும். இவை அந்தச் சட்டத்தின் அடிப்படைகள். புந்தோங்கில் அந்த அறிவிப்பைத் தமிழிலும் சேர்த்து எழுதுவது நல்லது. படிக்க வேண்டியவர் படித்துக்கொள்வார்.

பணப்பெட்டியைப் பார்க்கும் காமிரா நேர்மையான விற்பனைப் பெண்ணுக்கும் பாதுகாப்பு. பணம் குறைந்தால் வீண்பழி அவர்மேல் விழாமல் அதுவே சாட்சி சொல்லும். ஆனால் அந்தச் சாட்சியைப் பார்க்கும் உரிமை முதலாளிக்கு மட்டும் இருந்தால், அது பழைய பால் கொட்டகையின் தராசு போலாகிவிடும். முள் ஒரு பக்கம். தொழிலாளி மறு பக்கம். ஆகவே, ஒருவர்மேல் குற்றம் சொல்லும்போது அந்தப் படத்தை அவருக்கும் காட்டுவது என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். உடை மாற்றும் இடத்திலும் கழிவறையிலும் காமிரா வைப்பது எந்தக் காரணத்தாலும் தகாது. வேலையாட்கள் உட்கார்ந்து சாப்பிடும் இடத்தையும் விட்டுவிடலாம். சரக்கறையின் கதவைப் பார்த்தாலே போதும்.

வழக்கு மன்றம் வரை செல்ல நேர்ந்தால் என்ன? 1950ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்தில் 90ஏ என்ற பிரிவு, கணினி உருவாக்கிய ஆவணங்களை ஏற்பதைப் பற்றியது. அந்தக் கருவிக்குப் பொறுப்பானவர் சான்றளிக்க வழி செய்கிறது. எனவே கருவிக்குப் பொறுப்பாளர் இன்னார் என்று ஒருவரைக் குறித்து வையுங்கள். கருவியின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். தேதியும் நேரமும் தவறிய படத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எளிதில் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடுவார்.

நேயர்களே, இவ்வளவும் செய்தபின் கடைக்காரர் விலை கேட்கட்டும். காகிதத்தில் வரைந்த படமும், நான்கு இடங்களும், ஒவ்வொன்றிலும் வேண்டிய தெளிவும், சேமிக்க வேண்டிய நாட்களும் கையில் இருந்தால், விற்பனையாளர் சொல்லும் பதினாறு காமிரா நமக்குத் தேவையா, நான்கு போதுமா என்பதை நாமே சொல்லிவிடலாம். சிறிய கடைக்காரருக்கு மிச்சமாகும் ஒவ்வொரு வெள்ளியும் பெரிது.

லாருட் சுரங்கத்தில் தடியோடு நின்றவரும், ஸ்டோரில் கணக்கு எழுதியவரும், அவசரகாலத்து வேலிக்குள் வாளியைத் திறந்து காட்டியவரும் இந்த மாநிலத்தின் காவல் வரலாற்றில் இடம் பெற்றவர்கள். அவர்களுள் பலருக்குக் காவல் என்பது மேலே இருந்து தங்கள்மேல் இறங்கிய ஒன்று. இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் கையில் காமிராவின் கடவுச்சொல் இருக்கிறது. கடையிலுள்ள ஒவ்வொருவரிடமும் அது எங்கே இருக்கிறது, எதற்காக இருக்கிறது என்று சொல்லிவிட்டே அதை இயக்கத் தொடங்க வேண்டும். அவர்களுக்கு அந்த மரியாதை உண்டு.